ஓடைக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, "சும்மா மேலோட்டமாகச் செய்யுங்கள்" என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவருக்கு மேலோட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. புதிதாக வந்த பங்குச்சாமியார் அதைத்தான் சொன்னார். எங்கள் மாதா கோயில் கட்டி நூற்றிருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது, சின்னதாக ஒரு புத்தகம் போடலாம், கோயிலின் கதையை நாலு பக்கம் எழுதி, கட்டடத்துக்கு ஒரு வரைபடமும் போட்டுக் கொடுங்கள், மேலோட்டமாக இருந்தால் போதும் என்றார். மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது என் தையல் மேசையிலிருந்த துணியெல்லாம் கட்டிலுக்குக் குடிபோயிருந்தது. மேசை முழுக்க அவருடைய தாள்.

அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரார் நிலத்தை அளந்தவர். கோடு என்று வந்துவிட்டால் அவருக்கு உறவு கிடையாது. சொந்த அண்ணன் வீட்டு மதில் பொதுப்பாதைக்குள் முக்கால் அடி வந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து சாப்பிட உட்கார்ந்த மனிதர். அண்ணி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அளந்தது அவர், பேச்சு நின்றுபோனது எனக்கு.

நானும் அளக்கிற தொழில்தான். முன்னறையில் மெஷினைப் போட்டு, பள்ளிச் சீருடையிலிருந்து பீடத்து விரிப்புவரை தைக்கிறேன். இடுப்பு நாற்பது என்று டேப் சொன்னால் நான் வாயால் முப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு நாற்பதுக்கே வெட்டுவேன். வாங்கிப் போகிறவள் மனசு குளிர்ந்து போவாள். இது அவர் காதில் விழுந்தால் போதும், எழுந்து வெளியே போய்விடுவார்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் ஏழு வருஷம் குருமடத்தில் படித்தவர். சாமியாராவதற்கு இன்னும் இரண்டே வருஷம் இருந்தபோது வெளியே வந்துவிட்டார். வந்த இரண்டாம் வருஷம் எங்கள் கல்யாணம். கோயிலில் அவருக்குப் பாதிச்சாமியார் என்று பெயர். நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்குக் கேட்கும் தூரத்தில் சொல்வார்கள். ஏன் வெளியே வந்தார் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது எல்லாரும் அப்பத்தைப் பார்ப்பார்கள், இவர் சாமியாரின் கையைப் பார்ப்பார். அந்தக் கை தன்னுடையதாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறாரோ என்று முப்பத்தொன்பது வருஷமாக என் நெஞ்சுக்குள் ஒரு முள். பெரிய முள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் குத்தும்.

மூன்று நாள் கோயிலை அளந்தோம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும், கூப்பிட்டால் மறுபேச்சில்லாமல் வரும் ஆள் நான்தான். மறுபேச்சு பேசிக்கொண்டே வருவேன் என்பது வேறு விஷயம். அவர் எண்ணைச் சொல்வார், நான் என் தையல் நோட்டில் எழுதுவேன். ஒரு பக்கம் நர்ஸ் ஒருத்தியின் தோள் அகலம், அடுத்த பக்கம் கோயிலின் தோள் அகலம்.

நாற்பது வருஷமாக உட்கார்ந்து எழுந்த கோயிலை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக்கு ஆறு தூண். தூணுக்குத் தூண் பதினோரடி. வாசலை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டு கோயிலோடு சேர்ந்து பிறந்ததில்லை, பிறகு கொண்டுவந்து ஒட்டவைத்தது. இரண்டு சுவரும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. மக்கள் உட்காரும் பகுதி முடிந்து பீடப்பகுதி தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய வளைவு. மற்றச் சுவரெல்லாம் ஒன்றரை அடி கனம், அந்த வளைவு இருக்கும் சுவர் மட்டும் மூன்றடி. கட்டடத்துக்கு உள்ளே நிற்கிற சுவருக்கு எதற்கு இவ்வளவு கனம் என்று அவர் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில் செங்கல்லைத் தடவிப் பார்த்தார். வளைவுக்கு இந்தப் பக்கம் செங்கல் மெலிசு, அந்தப் பக்கம் தடிமன்.

"இதுதான் அந்தக் காலத்துல கோயிலோட பின்சுவர்" என்றார்.

முதலில் கட்டிய கோயில் அந்த வளைவோடு முடிந்துவிட்டதாம். பிறகு வந்த யாரோ ஒரு சாமியார் பின்சுவரை உடைத்து வளைவாக்கி, கோயிலைக் கிழக்கே நீட்டி, பீடத்தை அங்கே கொண்டுபோயிருக்கிறார்.

நீட்டிய பகுதியில் இரண்டு பக்கச் சுவரிலும் நேருக்கு நேராக ஈரம். எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் ஊறி வந்துவிடும். பாடகர் குழுவின் தலைவி, உச்சத்தில் பாடுகிறவள் என்பதால் நான் விசில் என்று பெயர் வைத்திருக்கிறேன், அது மாதாவின் கண்ணீர் என்று புதிதாக வருகிறவர்களிடம் கதை விடுவாள். வீட்டுக்காரர் குனிந்து தரையைத் தடவினார். அந்த இடத்தில் தளம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வளைவிலிருந்து ஓரடியில் தொடங்கி ஏழடியில் ஈரம் முடிகிறது என்று சொன்னார், எழுதிக்கொண்டேன். எதிர்ச்சுவரிலும் அதே ஓரடி, அதே ஏழடி. கோயிலுக்குப் பின்னால் இப்போது ஓடுகிற ஓடை ஒரு காலத்தில் நாங்கள் நின்ற இடத்தில்தான் ஓடியிருக்கிறது. அதைத் திருப்பிவிட்டு, பழைய தடத்தில் மண்ணைக் கொட்டி, மேலே பீடத்தைக் கட்டியிருக்கிறார்கள். மண் நிரப்பினாலும் தண்ணீர் பழைய வழியை விடவில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று அவர் வீட்டுக்கு நடந்து வந்த வேகத்தைப் பார்த்தால் அறுபத்தைந்து வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கோயில் புத்தகத்துக்கு நல்ல கதை கிடைத்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பங்கு அலுவலகத்து அலமாரியைக் குடைந்து பழைய காகிதங்களைப் படிக்கப் போனார். போனவர் ஒருவர், திரும்பி வந்தவர் வேறொருவர். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. குழம்பில் உப்புப் போட மறந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. மகள் போன் செய்தபோது, நல்லாயிருக்கேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். பழைய சாமியார்களின் கையெழுத்தைப் பார்த்ததும் பழைய நினைப்பு கிளம்பிவிட்டது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல், ஒரு சீருடைக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொஞ்சம் நிறுத்துறியா?"

நிறுத்தினேன்.

"நமக்குக் கல்யாணம் ஆகலைபோல இருக்கு" என்றார்.

"யாருக்கு?"

"நமக்குத்தான். உனக்கும் எனக்கும்."

வெயிலில் அலைந்து மூளை கலங்கிவிட்டதோ என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். அவர் கையை விலக்கிவிட்டு உட்கார்ந்து, வரிசையாகச் சொன்னார். அலமாரியில் அந்தக் காலத்து பிஷப், மேற்றிராணியார் என்போம், அவர் எழுதிய பழைய கடிதம் இருந்ததாம். இன்ன இடத்தில் ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதியாகப் புதுப் பங்கு ஏற்படுத்துகிறேன், அதற்கு நாலு எல்லை இவை என்று எழுதிய கடிதம். கிழக்கெல்லை, கோயிலின் பின்புறம் ஓடும் ஓடையின் நடு. ஓடைக்கு அந்தப் பக்கம் அடுத்த பங்கு. எண்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு சாமியார் கோயிலை நீட்டினார், ஓடையைத் திருப்பினார், ஆனால் எல்லையை மாற்றி யாரும் ஒரு கடிதம் எழுதவில்லை. பழைய ஓடையின் நடு வளைவிலிருந்து நாலடி. கல்யாண ஜோடி முழங்காலிடும் பீடப்படி வளைவிலிருந்து பதினோரடி. ஒரு பங்குச்சாமியார் தன் பங்கு எல்லைக்குள்தான் கல்யாணம் செய்துவைக்கலாம். அடுத்த பங்கில் போய்ச் செய்துவைக்க வேண்டுமென்றால் அங்குள்ள சாமியார் அனுமதி தர வேண்டும். தராவிட்டால் கல்யாணம் செல்லாது.

"நாம ஏழடி தள்ளிட்டோம்" என்றார். பேச்சு அவ்வளவுதான்.

நான் சிரித்தேன். அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எண்பத்தெட்டு வருஷம் என்றால் ஊரில் யாருக்குத்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது? விசிலுக்கு ஆகவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாமல் 'எங்க சார்' என்று உருகுவாளே, அவளுக்கே ஆகவில்லை. என் மாமியார் மாமனாருக்கு ஆகவில்லை; என் சமையலில் மாமியார் கண்ட குறையெல்லாம் ஞாபகம் வந்து இன்னொரு தடவை சிரித்தேன். பிறகு மகள் நினைவு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அதே படியில்தான் அவளும் முழங்காலிட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் மேசையிலிருந்த ஊசிப்பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

மெஷினுக்குத் திரும்பினேன். தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்துத் தைத்தேன், மறுபடி கோணியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டப்படி நான் மனைவியா இல்லையா என்பதல்ல என் கவலை. முப்பத்தொன்பது வருஷம் துணி துவைத்துப் போட்டவளுக்குச் சட்டம் வந்து என்ன சொல்லப்போகிறது? ஆனால் இருபத்தாறு வயதில் எடுத்த ஒரு முடிவு செல்லாது, நீ இன்னும் கட்டில்லாதவன்தான் என்று ஒரு மனிதருக்கு அறுபத்தைந்தில் செய்தி வந்தால், அவர் மனசு முதலில் எந்தப் பக்கம் சாயும்? அதுதான் எனக்குத் தெரியவேண்டும். துக்கம்தான் பட்டார் என்றால் சரி. ஒரே ஒரு நொடி மூச்சு லேசாகியிருந்தது என்றால், நான் இத்தனை வருஷம் வாழ்ந்தது வேறொரு வீடு. அவர் முகத்தில் தேடிப் பார்த்தேன். அந்த முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது, நிலத் தகராறுகளில் பழக்கப்படுத்திய முகம்.

சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்றார். சொல்லுங்கள் என்றேன். வரைபடத்தை முடித்துக்கொண்டு போகிறேன் என்றார். உங்கள் இஷ்டம் என்றேன். அப்போதே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போனால் பதில் தெரிந்துவிடும் என்று எனக்கும் கால் எழவில்லை.

நடுவில் ஞாயிறு வந்தது. பூசையில் அந்த அப்பத்தைப் பெற, அதாவது நன்மை வாங்க, வரிசை எழுந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவன் நன்மை வாங்கக்கூடாது என்பது அவர் கணக்கு. பெஞ்சில் எங்களுக்கு உள்பக்கம் இருந்தவர்கள் அவருடைய முழங்காலைத் தாண்டிப் போனார்கள். பாடிக்கொண்டிருந்த விசில் பாட்டை விடாமலே திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போனேன். ஏழடிக்காக நான் நன்மையை விடுவதாக இல்லை. ஆனால் கையில் வாங்கித் திரும்பி வரும்போது, தலைகுனிந்து தனியாக உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆண்டவர் முன்னாலேயே நீ என் மனைவியில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன், நாளைக் காலைப் பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்க்கிறோம், படம் முடிந்தாலும் சரி முடியாவிட்டாலும் சரி.

அன்று முழுக்க மேசையில் குனிந்தபடியே இருந்தார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பென்சில் தாளில் ஓடும் சத்தமும், நின்று, ரொம்ப நேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, மறுபடி ஓடும் சத்தமும் அடுக்களைவரை கேட்டது.

திங்கட்கிழமை காலை பங்கு அலுவலகத்தில் சாமியார் போனில் யாரிடமோ மைக் ரிப்பேர் பற்றி மன்றாடிக்கொண்டிருந்தார். எங்கள் மகளைவிட மூன்று வயது சின்னவர். போனை வைத்துவிட்டு, உட்காருங்கய்யா, உட்காருங்கம்மா என்று நாற்காலியில் இருந்த ஜெபப் புத்தகக் கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். மூன்றடிச் சுவர், இரண்டு வகைச் செங்கல், ஈரம், ஓடை, மேற்றிராணியாரின் கடிதம், அடுத்த பங்கில் செய்துவைத்த கல்யாணம் செல்லாது என்ற சட்டம். கடைசியில், எங்கள் கல்யாணம் கல்யாணமா இல்லையா என்று தெரிய வேண்டும் என்று சொல்லி நிறுத்தினார். பீடம் எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதை மட்டும் அவர் வாயால் சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

சாமியார் வரைபடத்தை மேசையில் விரித்தார். அழகான படம். ஒவ்வொரு தூணும் அதனதன் இடத்தில். வளைவுச் சுவர் கறுப்பாக, கனமாக. மணிக்கூண்டின் இடைவெளிகூட மெல்லிய கோடாக இருந்தது. சாமியார் விரலை வாசலிலிருந்து நகர்த்தி நகர்த்திப் பீடம்வரை கொண்டுபோனார்.

"பழைய ஓடைன்னு போட்டிருக்கிறது இந்தப் புள்ளிக்கோடுதானே?"

"ஆமா சாமி."

"அது பீடத்துக்குப் பின்னாடி போகுதே. பீடம் நம்ம பக்கம்தானே நிக்குது? அப்புறம் என்னய்யா கஷ்டம்?"

நான் எட்டிப் பார்த்தேன். புள்ளிக்கோடு பீடத்துக்குப் பின்னால், கடைசிச் சுவரை ஒட்டிப் போயிருந்தது. ஓரடியும் ஏழடியும் என் கையால் எழுதியவை. ஒன்றுக்கும் ஏழுக்கும் நடு நாலு என்று தெரிய சர்வேயர் ஆக வேண்டியதில்லை, கழுத்துக்கும் தோளுக்கும் நடு எடுக்கத் தெரிந்தால் போதும். கோடு வளைவிலிருந்து நாலடியில் இருக்க வேண்டும். இவர் இருபதடிக்கு மேல் தூக்கிக் கொண்டுபோய் அந்தக் கடைசியில் வைத்திருக்கிறார்.

கைதவறி என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அவர் கை தவறாது. அண்ணனுக்காக முக்கால் அடி நகராத கை.

அவரைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. கல்யாணத்தன்று எப்படிச் சிவந்திருந்ததோ அப்படி.

அந்த நொடியில் என் நெஞ்சு இருந்த இருப்பைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணம் செல்லுமா என்ற கேள்வியே எனக்கு மறந்துபோயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று தோன்றியது. சாமியார் படத்தை மடித்து உள்ளே வைத்துவிடுவார், புத்தகத்தில் அப்படியே வரும், உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். என் வாழ்க்கையில் நான் வாயை மூடியிருந்த நேரங்கள் குறைவு. அன்று மூடியிருந்தேன்.

அவரால் முடியவில்லை.

"சாமி, அந்தக் கோடு தப்பு" என்றார். "நடு இங்க வரணும்." விரலை வளைவுக்குப் பக்கத்தில் வைத்தார். "தெரிஞ்சேதான் தப்பாப் போட்டேன்."

சாமியாருக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். எழுந்து போய் அலமாரியிலிருந்து தடித்த சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, பக்கத்தைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"குருமடத்துல எத்தனையாவது வருஷத்தோட வந்தீங்க?"

"ஏழு முடிச்சு வந்தேன்."

"கல்யாணச் சட்டம் முழுசா நடத்துறது கடைசி ரெண்டு வருஷத்துல."

வீட்டுக்காரர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"நீங்க சொன்னது சரிதான்யா. அடுத்த பங்குல போய்ச் செஞ்சுவச்சா செல்லாது. அது முதல் பாதி. ரெண்டாம் பாதி ஒண்ணு இருக்கு." பக்கம் கிடைத்துவிட்டது. வாசித்தார், பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "இந்தச் சாமியாருக்கு இங்க அதிகாரம் இருக்குன்னு ஊரே நம்பி வந்து நிக்குது. உண்மையில இல்ல, அது ஒருத்தருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்துல இல்லாத அதிகாரத்தைத் திருச்சபையே கொடுத்துடும். அந்த நேரத்துக்கு, அந்தக் கல்யாணத்துக்கு, தானாவே. நம்பி வந்தவங்க ஏமாறக்கூடாதுன்னுதான் அப்படி எழுதி வச்சிருக்காங்க. உங்க கல்யாணம் அன்னைக்கே ஆயிடுச்சு. எல்லார் கல்யாணமும்தான்."

"மகளோடதும்?" என்றேன்.

"மகளோடதும் அம்மா."

வீட்டுக்காரர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ஒரு வாரமாக முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த மனிதர். மூச்சை விட்டார், அது வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கும் யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் தேவலை போலிருந்தது. சாமியாரே எழுந்து கொண்டுவந்து கொடுத்தார். எல்லையைச் சரிப்படுத்திக் கடிதம் கேட்டு மேற்றிராணியாருக்கு எழுதிவிடுகிறேன் என்றார். சரியான கோட்டையே போடுங்கள், ஆனால் படத்துக்குக் கீழே இந்தச் சட்டத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு ஊர் முழுக்க என் வாசலில் வரிசை கட்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, மனசு சமாதானத்துக்கு வேண்டுமானால் இப்போதே கோயிலுக்குள் போய்ப் பீடத்தின் முன் அந்த வார்த்தைகளை இன்னொரு தடவை சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்டார்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் தலையை அசைத்தார்.

"வேணாம் சாமி. இன்னொரு தடவை சொன்னா முதல் தடவை சொன்னது போதலைன்னு ஆயிடும்."

வெளியே வந்தோம். கோயில் முற்றத்தில் விசில் எதிரே வந்தாள். என்ன, இரண்டு பேரும் காலையிலேயே சாமியாரைப் பார்த்திருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஐயாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தாள். சொல்வதற்கு என் நாக்கு எப்படித் துடித்தது என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். உடம்புதான், இப்போது பரவாயில்லை என்றேன். அவள் தலை மறைந்ததும் அவர் என்னைப் பார்த்து, முதல்முறையாக அந்த வாரத்தில், சிரித்தார்.

பக்கவாசல் வழியாகக் கோயிலுக்குள் போனோம். காலைப் பூசை முடிந்து பெஞ்சுகள் காலியாக இருந்தன. மூன்றடிச் சுவரின் வளைவுக்குக் கீழே போய் நின்றார், நானும் நின்றேன். கேட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். இனிமேல் தள்ளிப்போட என்னிடம் நாள் இல்லை.

"ஏன் அப்படிப் போட்டீங்க?" என்றேன். "சரியாப் போட்டிருந்தா உங்களுக்கு ஒரு வழி திறந்திருக்கும். கட்டில்லாத ஆளுன்னு ஆகியிருக்கும். உங்களுக்கு அது சந்தோஷமா இருக்குமோன்னுதான் நான் இத்தனை நாளா செத்துக்கிட்டிருந்தேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்று விளங்காத பார்வை. நிஜமாகவே விளங்கவில்லை. முப்பத்தொன்பது வருஷமாக நான் சுமந்த விஷயம் அவர் பக்கத்தில் வந்து நின்றதே இல்லை என்று அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

"அந்தக் கடிதத்தைப் படிச்ச உடனே எனக்குத் தோணினது ஒண்ணுதான்" என்றார். "இதை உங்கிட்ட சொன்னா, 'அப்படின்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்'னு நீ கிளம்பிடுவியோன்னு."

"எங்கம்மா செத்து இருபது வருஷம் ஆச்சு."

"அது தெரியும். இருந்தாலும் தோணிச்சு."

பிறகு, யாரோ அவரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதுபோல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை நாலு தடவை சரியான இடத்துல பென்சிலை வச்சேன். கோடு போட்டா நீ அந்தப் பக்கம் நிக்கிற. கை வரலை."

நான் அழுதேன். கோயிலென்றும் பார்க்காமல், நன்றாகச் சத்தமாகவே அழுதேன். துக்கமில்லை. அவர் பதறிப்போய்ப் பையில் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையை நீட்டினார். அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்தச் சட்டையும் நான் தைத்ததுதான்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்து, பின்சுவரை ஒட்டியிருந்த கோட்டை ரப்பரால் அழித்தார். அளவுகோலை வளைவுப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"போடட்டுமா?"

"போடுங்க" என்றேன். "நான் எங்க போயிடப்போறேன்?"

போட்டார். நாலடியில், மயிரிழை பிசகாமல்.